வட்டம் கெடாமல் கழற்றுவது

பூந்தமல்லி பக்கம் ஒரு முகூர்த்த நாளில் ஏதாவது கல்யாண மண்டபத்து வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மாப்பிள்ளை வந்து இறங்குவதை வெயிலில் வீடியோ எடுத்த தம்பி, உள்ளே நுழையும் முன் லென்ஸ் முகப்பிலிருக்கும் கருப்புக் கண்ணாடியைக் கழற்றப் பார்ப்பார். வராது. இன்னும் அழுத்திப் பிடிப்பார். வராது. சட்டை நுனியைச் சுற்றிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு திருகுவார். பிறகு குழுவிலேயே கை உரமுள்ள ஆளிடம் போகும். அவரும் தோற்பார். அதற்குள் மேடையில் ஐயர் கெட்டிமேளத்துக்குக் கையைத் தூக்கிவிடுவார். தாலி கட்டுவது அந்தக் கருப்புக் கண்ணாடி வழியாகவே பதிவாகும்.

கை உரம் போதாததால் வந்த தோல்வி என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் அங்கே வில்லனே கை உரம்தான். எப்படி என்று ஆற அமரப் பார்ப்போம். ஒரு டீ காலியாவதற்குள் முடிந்துவிடும் என்று வாக்குத் தர மாட்டேன்.

முதலில், எது எதற்குள் நுழைகிறது என்று தெரிந்துகொள்வோம். ஃபில்டர் என்பது மெல்லிய உலோக வளையத்துக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு கண்ணாடி வில்லை. வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர், தண்ணீரிலும் கண்ணாடியிலும் வரும் பளபளப்பை அடக்கும் போலரைசர், சும்மா பாதுகாப்புக்காக மாட்டும் யு.வி. ஃபில்டர் என்று பல வகை உண்டு. எல்லாவற்றிலும் வளையத்தின் வெளிப்பக்கத்தில் மரை வெட்டியிருப்பார்கள். லென்ஸ் முகப்பின் உட்பக்கத்திலும் மரை இருக்கும். ஆக, ஃபில்டர் உள்ளே, லென்ஸ் வெளியே. சின்ன விஷயம்தான், ஆனால் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலைக்கு ஆகும்.

லென்ஸின் முகப்பில் ஒரு சிறு வட்டமும் அதைக் குறுக்கே வெட்டும் கோடும் போட்டு, பக்கத்தில் 52, 58, 67, 77 என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். அந்த மரையின் விட்டம், மில்லிமீட்டரில். எண் மாறினாலும், நாம் அதிகம் பார்க்கும் 49 முதல் 82 வரையிலான அளவுகளில் மரையின் பிட்ச் பெரும்பாலும் ஒன்றேதான்: 0.75 மில்லிமீட்டர். பிட்ச் என்றால் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையிலுள்ள தூரம். ஒரு முழுச் சுற்றுத் திருகினால் ஃபில்டர் அவ்வளவுதான் உள்ளே இறங்கும்.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும். 77 மில்லிமீட்டர் ஃபில்டரின் சுற்றளவு ஏறக்குறைய 242 மில்லிமீட்டர். விளிம்பில் விரல் வைத்து 242 மில்லிமீட்டர் சுற்றி வந்தால் உள்ளே இறங்குவது முக்கால் மில்லிமீட்டர்தான். மரையின் சாய்வு ஒரு டிகிரியில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. கிட்டத்தட்டத் தட்டையான தரை. அதனால்தான் கார் ஓடும் அதிர்விலும் பைக் பயணத்திலும் ஃபில்டர் தானாகக் கழன்று விழுவது அரிது. உராய்வே அதைப் பிடித்து வைத்திருக்கிறது. கழற்றும்போது நாம் வெல்ல வேண்டியதும் அந்த உராய்வைத்தான்.

இன்னொரு கணக்கும் இதிலேயே இருக்கிறது. 77 மில்லிமீட்டர் அகலமுள்ள வளையத்தின் ஒரு பக்கம் முக்கால் மில்லிமீட்டர் தூக்கலாக இருந்துவிட்டால், அந்தப் பக்கம் தனக்குரிய வரியை விட்டு அடுத்த வரியைக் கவ்விவிடும். முக்கால் மில்லிமீட்டர் தூக்கல் என்றால் சாய்வு அரை டிகிரியைவிடக் கொஞ்சம் கூடுதல். கண்ணுக்குத் தெரியவே தெரியாத கோணல். மரை மாறி ஏறுவது எவ்வளவு எளிது என்று இப்போது புரிகிறதல்லவா? இந்த விஷயத்துக்குப் பின்னால் திரும்ப வருகிறேன்.

இப்போது அந்த முக்கியமான தவறான எண்ணத்துக்கு வருவோம். ஃபில்டர் வரவில்லை என்றால் நம் கை தானாகச் செய்வது என்ன? கட்டைவிரலை ஒரு பக்கமும் ஆள்காட்டி விரலை எதிர்ப்பக்கமும் வைத்து, வழுக்காமல் இருக்க இறுக்கி அமுக்கி, பிறகு திருகுகிறோம். வழுக்கினால் இன்னும் அமுக்குகிறோம். அமுக்கினால் பிடி கிடைக்கும், பிடி கிடைத்தால் திரும்பும் என்பது நம் கணக்கு.

வீட்டில் பிளாஸ்டிக் வளையல் இருந்தால் எடுத்து, இரண்டு விரலால் எதிரெதிர்ப் பக்கத்தில் அமுக்கிப் பாருங்கள். அமுக்கிய திசையில் ஒடுங்கும். அதற்குக் குறுக்கான திசையில் நீளும். ஃபில்டர் வளையமும் அப்படித்தான் செய்கிறது. அலுமினியம்தான், ஆனாலும் அது மெல்லியது. பக்கத்தில் தெரியும் விளிம்பே சில மில்லிமீட்டர்தான். நீங்கள் அமுக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு முட்டை வடிவமாகிறது. ஃபில்டர் உள்ளே, லென்ஸ் வெளியே என்று சொன்னேன் அல்லவா? குறுக்கே நீண்ட அந்த இரண்டு முனைகளும் வெளியே இருக்கும் லென்ஸின் மரைச் சுவரில் போய்க் குத்திக்கொண்டு நிற்கும். மரையின் தட்டையான உராய்வோடு இந்தக் குத்தலும் சேர்ந்துகொள்கிறது. எவ்வளவு அமுக்குகிறீர்களோ அவ்வளவு குத்தும். பலசாலி தோற்பதும் சில சமயம் சின்னப் பெண் ஒருத்தி மெதுவாகத் தொட்டுத் திருப்பியதும் வந்துவிடுவதும் இதனால்தான். எல்லோரும் அவளைப் பார்த்து ‘நாங்கள் லூஸாக்கி வைத்திருந்தோம்’ என்பார்கள். நம்பாதீர்கள்.

இதை நமக்கு முன்பே நன்றாக அறிந்தவர்கள் இந்தப் பகுதியிலேயே இருக்கிறார்கள். 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஏதாவது லேத்துப் பட்டறைக்குப் போய், மெல்லிய வளையம் ஒன்றைக் கடைவது எப்படி என்று ஒரு டர்னரைக் கேளுங்கள். லேத்தில் வேலைப்பொருளைப் பிடிப்பது சக். சாதாரண சக்கில் மூன்று தாடைகள். தடித்த உருளையை அது பிடித்தால் பிரச்சினை இல்லை. மெல்லிய வளையத்தை இறுக்கினால், தாடை பட்ட மூன்று இடங்களும் உள்ளே அமுங்கி, இடைப்பட்ட இடங்கள் வெளியே புடைக்கும். அந்த நிலையில் உட்பக்கத்தை அச்சு அசலான வட்டமாகக் கடைந்து, அளந்தும் பார்த்துவிட்டு, சக்கை லூஸ் செய்து எடுத்தால் வளையம் பழைய நிலைக்குத் திரும்பும். உள்ளே கடைந்த வட்டம் மூன்று மூலை வைத்ததாகிவிடும். அளவு தவறியது, சரக்கு ரிஜெக்ட்.

அதற்கு அவர்கள் கண்ட வழி, குறைவாக இறுக்குவது மட்டுமில்லை. பிடிக்கும் இடத்தை அகலமாக்குகிறார்கள். வளையத்தின் அளவுக்கே உட்புறம் குடைந்த சாஃப்ட் ஜா என்னும் மென்மையான தாடைகளைப் போட்டு, வளையத்தை ஏறத்தாழ முழுச் சுற்றும் அணைத்துப் பிடிக்கிறார்கள். மொத்தப் பிடி அதேதான். ஆனால் எந்த ஒரு புள்ளியிலும் அழுத்தம் குவியாது, வட்டமும் கெடாது. ஃபில்டர் கழற்றும் அத்தனை உத்திகளும் இந்த ஒரே அறிவின் பிள்ளைகள். தொழிற்பேட்டையில் தினமும் புழங்கும் இந்த அறிவு, இரண்டு தெரு தள்ளி இருக்கும் போட்டோ ஸ்டுடியோவுக்கு இன்னும் நடந்து வரவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

உத்திகளுக்குப் போகும் முன் திசையைச் சரி பார்ப்போம், ஏனெனில் பாதிப் பேர் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். லென்ஸின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தால், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருகினால் ஃபில்டர் கழலும். ஆனால் நாம் கேமராவை எப்படிப் பிடித்திருப்போம்? கண்ணருகே, பின்பக்கத்திலிருந்து. கை மட்டும் லென்ஸைச் சுற்றி முன்னால் போகிறது. பின்னாலிருந்து பார்க்கையில் கழற்றும் திசை கடிகாரத் திசையாக மாறிவிடும். அவசரத்தில் மூளை இந்தத் தலைகீழ்க் கணக்கைப் போடாது. எனவே கழற்றும்போது லென்ஸை உங்கள் முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு விநாடி ஆகும்.

திசையோடு ஒட்டிய இன்னொரு விஷயம் போலரைசரும், வெளிச்சம் குறையும் அளவை மாற்றக்கூடிய வேரியபிள் என்.டி.யும். இவற்றில் இரண்டு வளையங்கள் உண்டு. பின் வளையம் லென்ஸில் மரையோடு நிற்கும். முன் வளையத்தை நாம் சுற்றிச் சுற்றி விளைவைச் சரிசெய்வோம். கழலும் திசையில் சுற்றினால் ஃபில்டரே கழன்று கையோடு வந்துவிடுகிறது என்று பயந்து, பலர் எப்போதும் இறுகும் திசையிலேயே சுற்றப் பழகியிருப்பார்கள். நல்ல பழக்கம் என்றே எல்லோரும் சொல்லிக் கொடுப்பார்கள். ஆனால் காலையிலிருந்து மாலைவரை அப்படிச் சுற்றச் சுற்ற, ஒவ்வொரு சுற்றிலும் பின் வளையத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கம் போய்ச் சேர்கிறது. வேரியபிள் என்.டி.யில் இன்னும் மோசம்: பலவற்றில் முன் வளையம் ஓர் எல்லையில் முட்டி நிற்கும். முட்டிய பிறகும் திருகினால் அந்த விசை முழுக்க மரைக்குத்தான் போகும். நாள் முழுக்க நாமே ஸ்பேனர் போட்டுவிட்டு, சாயங்காலம் ஃபில்டர் மேல் பழி சொல்கிறோம்.

கழற்றும்போதும் இதே இரட்டை வளையம் ஏமாற்றும். முன் வளையத்தைப் பிடித்தால் அது பாட்டுக்குச் சுழலும், ஃபில்டர் நகராது. பின்னால் இருக்கும் ஒல்லியான வளையத்தைத்தான் பிடிக்க வேண்டும். அது சில மில்லிமீட்டர்கூட இருக்காது. விரல் நுனிக்குக்கூட இடமில்லாததால் நகத்தால் நெம்பத் தோன்றும். நெம்ப வேண்டாம், கீழே சொல்லும் ரப்பர் வழி இதற்கும் உதவும்.

சரி, கழற்றுவோம். முதல் முயற்சி வெறும் விரல்தான், ஆனால் இரண்டு விரல் கூடாது. ஐந்து விரல் நுனிகளையும் விளிம்பைச் சுற்றி சம இடைவெளியில் வைத்து, பறவை முட்டையைப் பிடிப்பதுபோல லேசாகத் தொட்டு, அமுக்காமல் திருப்பிப் பாருங்கள். நூற்றுக்கு ஐம்பது ஃபில்டர் இதிலேயே வந்துவிடும் என்று எண்ணிக்கை சொல்ல ஆசையாக இருக்கிறது. எண்ணிப் பார்த்தவன் இல்லை என்பதால் நிறைய வரும் என்று மட்டும் சொல்கிறேன். இன்னொரு கை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கேமரா உடலைப் பிடித்துக்கொண்டு ஃபில்டரைத் திருகினால், விசை முழுக்க லென்ஸைக் கேமராவோடு பூட்டியிருக்கும் சின்ன ஊசி மேலும், உள்ளே இருக்கும் ஃபோகஸ், ஜூம் பல்சக்கரங்கள் மேலும் விழும். கேமராவோடு சேர்த்தே விற்கும் பழைய கிட் லென்ஸ்கள் சிலவற்றில் முகப்பே ஃபோகஸோடு சேர்ந்து சுழலும்; அவற்றைத் திருகினால் மோட்டாரோடு மல்லுக்கட்டுவதாக ஆகும். ஜூமை முழுக்க உள்ளிழுத்துவிட்டு, மரைக்கு நேர் பின்னால் இருக்கும் நகராத பகுதியைப் பிடியுங்கள்.

வரவில்லையா? ரப்பர். சமையலறையில் காய்கறிக் கட்டோடு வந்த அகலமான ரப்பர் பேண்டை விளிம்பைச் சுற்றி மாட்டுங்கள். அதைவிட மேல், பழைய சைக்கிள் டியூப்பில் வெட்டிய ஒரு பட்டை. 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆரம்பித்த ஊர் அம்பத்தூர். இங்கே பழைய டியூப்புக்கா பஞ்சம்? எந்தப் பஞ்சர் கடையிலும் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். நன்றாகக் கழுவிக் காயவைத்து, ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, வளையத்தைச் சுற்றி வையுங்கள். ரப்பருக்கு உராய்வு அதிகம் என்பதால் கொஞ்சம் தொட்டாலே பிடி கிடைக்கும். அமுக்க வேண்டிய தேவையே குறைகிறது. அங்கேதான் அதன் அருமை.

அதற்கும் மசியாவிட்டால் தட்டையாகப் போவோம். மௌஸ் பேட், கழுவிய ரப்பர் செருப்பின் அடிப்பாகம் என்று ஏதாவது தட்டையான ரப்பரை மேசைமேல் வைத்து, லென்ஸைக் கவிழ்த்து, ஃபில்டரின் முன் விளிம்பு முழுவதும் ரப்பரில் படும்படி நிறுத்துங்கள். லேசாகக் கீழ்நோக்கி அழுத்தியபடி லென்ஸைத் திருப்புங்கள். விசை விளிம்பின் முகத்தில் வட்டம் முழுக்கச் சமமாகப் பரவுகிறது. பக்கவாட்டில் அமுக்கும் விரலே இல்லை, ஆகவே முட்டை வடிவத்துக்கு வழியே இல்லை. டர்னரின் சாஃப்ட் ஜாவுக்கு நம் வீட்டில் கிடைக்கும் ஈடு இதுதான். கவிழ்த்திருக்கும்போது திசை மீண்டும் குழப்பும். மேலிருந்து, அதாவது லென்ஸின் முதுகுப்பக்கத்திலிருந்து பார்த்து, அசையாத ஃபில்டர்மேல் லென்ஸைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். சாதாரணப் பாட்டில் மூடியை மேலிருந்து திறக்கும் அதே திசை. கண்ணாடி விரிசல் விட்டிருந்தாலும், கண்ணாடி விளிம்பைவிடப் புடைத்திருந்தாலும் இந்த வழி வேண்டாம். பின் வளையம் மட்டும் திரும்ப வேண்டிய போலரைசருக்கும் இது பயன்படாது. அதற்கு டியூப் பட்டைதான்.

கடைசிக் கருவி ஃபில்டர் ரெஞ்ச். பிளாஸ்டிக்கில் அரிவாள்போல வளைந்து, வளையத்தின் பெரும்பகுதியை அணைத்துக்கொள்ளும் ஒரு சாதனம். ஜோடியாகத்தான் விற்கிறார்கள், காரணத்தோடுதான். இரண்டு ஃபில்டர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலோ, ஸ்டெப்-அப் ரிங் எனப்படும் அளவு மாற்றும் வளையத்தோடு ஃபில்டர் பூட்டிக்கொண்டாலோ, இரண்டையும் தனித்தனியே பிடித்து எதிரெதிராகத் திருப்ப வேண்டும். ஸ்டெப்-அப் ரிங்கில் நடுவில் கண்ணாடி இல்லை, வெறும் மெல்லிய வளையம். இருப்பதிலேயே எளிதாக நெளிவதும் சிக்கிக்கொள்வதும் அதுதான். வளையத்தின் நடுவில் விரலை விட்டு நெம்பிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

வெப்பத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் ஆவடி வெயில் என்னை மன்னிக்காது. வெயிலில் மாட்டி, ஏசி மண்டபத்துக்குள் போனால் சுருங்கி இறுகிவிடும் என்று பரவலாக நம்புகிறார்கள். லென்ஸ் முகப்பும் ஃபில்டரும் அலுமினியம் என்றால் இரண்டும் ஒரே அளவில்தான் சுருங்கும், இறுக வழியில்லை. 77 மில்லிமீட்டர் அலுமினிய வளையம் 20 டிகிரி மாற்றத்தில் மாறுவது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்றரைப் பங்குதான். ஆனால் இரண்டில் ஒன்று மட்டும் சூடானால் கொஞ்சம் வேலை நடக்கும். வெளியே இருப்பது லென்ஸ் என்பதால், மரையைச் சுற்றியுள்ள பகுதியை உள்ளங்கையால் இரண்டு மூன்று நிமிடம் பொத்திப் பிடித்துவிட்டு உடனே முயலுங்கள். உள்ளங்கைச் சூடு போதும். ஹேர் டிரையர் வேண்டாம், அடுப்பு வேண்டவே வேண்டாம். ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லும் யோசனை குளிர் தேசத்துக்காரர்களுக்குச் சரியாக இருக்கலாம். நம் ஊர் ஈரக்காற்றில் குளிர்ந்த லென்ஸை வெளியே எடுத்தால் கண்ணாடிக்குள்ளேயே பனி படியும். அதன் பின்னாலேயே பூஞ்சை வரும்.

எண்ணெயும் அப்படித்தான். மரை இறுகினால் எண்ணெய் விடு என்பது பட்டறைப் பாடம், அங்கே அது சரி. லென்ஸில் எண்ணெய் ஊர்ந்து உள்ளே போகும். ஒளியைக் கட்டுப்படுத்தும் மெல்லிய அப்பர்ச்சர் தகடுகளில் பட்டால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மெதுவாக நகரும். இருபது ரூபாய்த் துளி எண்ணெயால் ஒரு முழு ஓவர்ஹால். வேண்டாம்.

கழன்றுவிட்டதா? உடனே திருப்பி மாட்டாதீர்கள். ஏன் சிக்கியது என்று மரையைப் பார்ப்போம். பெரும்பாலும் தூசு. சாலைப் புழுதி, மண்டபத்து அட்சதை, மஞ்சள்பொடி எல்லாமே மரைக்குள் போய்ப் படிந்திருக்கும். காய்ந்த, மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் ஃபில்டரின் மரையைத் துலக்கி, லென்ஸைக் கவிழ்த்துப் பிடித்து அதன் மரையையும் மெல்லத் துலக்கி, ரப்பர் புளோயரால் ஊதிவிடுங்கள். கருப்புப் பூச்சு போய் வெள்ளிபோலப் பளபளக்கும் இடம் மரையில் தெரிந்தால் அது கவலைப்பட வேண்டிய அடையாளம். அந்தக் கருப்பு, அலுமினியத்தின் மேல் ஏற்றிய அனோடைஸ் பூச்சு, கடினமானது. அது உரிந்தால் அடியில் இருக்கும் மெத்தென்ற அலுமினியம் எதிரே இருக்கும் அலுமினியத்தோடு உரசி, ஒன்றையொன்று கடித்துப் பிடித்துக்கொள்ளும். சிக்கலின் இரண்டாம் வேர் இது. பி பிளஸ் டபிள்யூ, ஹெலியோபன் போன்ற ஜெர்மன் தயாரிப்பாளர்கள் பல ஃபில்டர்களுக்குப் பித்தளை வளையம் போட்டது இதற்காகத்தான். பித்தளை அலுமினியத்தோடு அவ்வளவு எளிதில் கடித்துக்கொள்ளாது. விலை கூடுதல், தினமும் மாட்டிக் கழற்றுகிறவருக்கு அந்தக் கூடுதல் தகும்.

மரையில் மென்மையான பென்சிலைத் தேய்ப்பதும் ஒரு நல்ல பழக்கம். கிராஃபைட் உலர்ந்த மசகு. ஃபில்டரைக் கையில் தனியாக எடுத்துவைத்து அதன் மரையில் மட்டும் தேய்த்து, தூளை ஊதிவிட்டு மாட்டுங்கள். லென்ஸின் மேல் பென்சிலைக் கொண்டுபோகாதீர்கள். கடற்கரையிலேயே பொழுதைக் கழிக்கும் படக்காரர்களுக்கு மட்டும் இதைச் சொல்ல மாட்டேன். உப்பு ஈரத்தில் கிராஃபைட்டும் அலுமினியமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும்.

மாட்டுவதில்தான் பாதி வம்பு பிறக்கிறது. அந்த அரை டிகிரிக் கோணலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். லென்ஸை முகம் மேலே பார்க்க மேசைமேல் நிறுத்துங்கள். ஃபில்டரை அதன்மேல் வெறுமனே வையுங்கள். அதன் எடையிலேயே அது சமமாக உட்காரும். இப்போது கழற்றும் திசையில், ஆமாம், கழற்றும் திசையில்தான், மெதுவாகத் திருப்புங்கள். ஒரு சுற்றுக்குள் ‘டிக்’ என்று மிக மெல்லிய ஓர் இறக்கம் விரலுக்குத் தெரியும். இரண்டு மரைகளின் தொடக்கமும் சந்தித்து, ஒன்று மற்றதற்குள் விழுந்த இடம் அது. அங்கிருந்து இறுகும் திசைக்கு மாற்றுங்கள். தண்ணீர்க் குழாய் மாட்டும் பிளம்பரும், போல்ட் போடும் ஃபிட்டரும் யோசிக்காமலே செய்வது இது. முதல் சுற்றிலேயே இறுக்கம் தெரிந்தால் மரை மாறி ஏறியிருக்கிறது என்று பொருள். பலம் கொடுக்காமல் பின்வாங்கி, மறுபடி ‘டிக்’கைத் தேடுங்கள். நன்றாக ஏறினால் இரண்டு மூன்று சுற்றில் தானாக முட்டி நிற்கும். முட்டியதும் கையை எடுத்துவிட வேண்டும். ‘எதற்கும் இன்னொரு இறுக்கு’ என்பதுதான் மண்டப வாசலில் நாம் பார்த்த கதையின் முதல் பக்கம். மரை பிளாஸ்டிக்காக இருக்கும் கிட் லென்ஸ்களில் இந்தக் கடைசி இறுக்கு மரையையே தின்றுவிடும்.

ஹூட் பற்றிச் சுருக்கமாக. லென்ஸ் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பிளாஸ்டிக் மறைப்புக்கு மரை பெரும்பாலும் கிடையாது. உள்ளே சிறு நாக்குகள், லென்ஸில் அவற்றுக்கான பள்ளங்கள். புள்ளியோடு புள்ளியைச் சேர்த்து, கொஞ்சம் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். புது ஹூட் விறைப்பாகத்தான் இருக்கும். கழற்ற வரவில்லையென்றால் எல்லோரும் முன்னே நீளும் இதழ்களைப் பிடித்துத் திருகுகிறார்கள். இதழை அமுக்கினால் அடிவளையம் முட்டை வடிவமாகும், நாக்கு பள்ளத்தில் இறுகும். பழைய கதையேதான். அடிவளையத்தைச் சுற்றிப் பிடியுங்கள். சில ஹூட்களில் பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்காமல் திருகித்தான் பல நாக்குகள் உடைகின்றன.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று ஒதுங்கியவர்களும் உண்டு. செம்பரம்பாக்கத்தில் இருக்கும் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டி மாதிரியான படப்பிடிப்புத் தளத்தில் கேமரா அசிஸ்டென்ட் ஃபில்டரைத் திருகவே மாட்டார். லென்ஸுக்கு முன்னால் மேட் பாக்ஸ் என்னும் பெட்டி. அதில் தட்டுகளில் செவ்வகக் கண்ணாடியைச் செருகி எடுப்பார். ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் பறவை பார்க்க வருகிறவர்களிடம் எப்போதாவது தென்படும் மிகப் பெரிய டெலி லென்ஸ்களில் முன்பக்கம் ஃபில்டர் மாட்ட முடியாத அளவுக்கு அகலம். அவற்றின் பின்பகுதியில் சின்ன ஃபில்டரைச் செருக ஓர் இழுப்பறை வைத்திருப்பார்கள். இப்போது காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஃபில்டர்களும் வந்துவிட்டன. அடிவளையத்தை ஒரே முறை மரையில் ஏற்றிவிட்டால் போதும், பிறகு மாட்டுவதும் எடுப்பதும் நொடி வேலை. மண்டபத்துக்கு உள்ளேயும் வெளியேயும் ஓடுகிற கல்யாண வீடியோக்காரர் முதலில் வாங்க வேண்டியது இதுதான் என்பேன்.

லென்ஸ் கீழே விழுந்து ஃபில்டர் விளிம்பு நசுங்கியிருந்தால் கதை வேறு. அங்கே வளையம் நிரந்தரமாகவே வட்டம் கெட்டுவிட்டது. எந்த ரப்பரும் உதவாது. கண்ணாடியும் உடைந்திருந்தால் லென்ஸைக் கவிழ்த்துப் பிடியுங்கள், துண்டுகள் தாமாக விழட்டும். துடைக்காதீர்கள், ஒவ்வொரு துகளும் லென்ஸின் பூச்சில் கோடு போடும். படம் தெளிவாக வருகிறது, கண்ணாடி முழுசாக இருக்கிறது என்றால், அன்றைய வேலையை முடிக்கும்வரை அப்படியே விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். பிறகு பழகிய மெக்கானிக்கிடம் கொடுங்கள். நசுங்கிய விளிம்பை உள்ளிருந்து வெளியே தள்ளி வட்டமாக்கும் திருகுக் கருவி அவரிடம் இருக்கும். அதற்கும் வராவிட்டால் ஃபில்டர் வளையத்தை வெட்டி எடுப்பார். வெட்டட்டும், ஃபில்டர் போனால் சில நூறோ சில ஆயிரமோ, லென்ஸின் முகப்பு மரை போனால் முகப்புப் பகுதியையே மாற்ற வேண்டிவரும்.

அவரிடம் கொடுக்கும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள். வீட்டில் பிளையர் போட்டுப் பார்த்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எந்தப் பக்கம் போட்டீர்கள் என்றும் சொல்லுங்கள். எங்கே வட்டம் கெட்டிருக்கிறது என்று தெரிந்தால்தான் அவர் கருவியைச் சரியான இடத்தில் வைப்பார்.